நான் எடுக்கல, அதுவா எடுத்துக்குது

எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் மேஜைகள் இரண்டுதான். ஒன்று என்னுடையது, பில் போடுகிற மேஜை. மற்றது ஸ்டோர்கீப்பருடையது. வாஷிங் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் உதிரி பாகங்கள் விற்கிற கம்பெனி. மெக்கானிக்குகள் போன் செய்து இந்த மாடலுக்கு மோட்டார் இருக்கிறதா, அந்த மாடலுக்கு பெல்ட் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஸ்டோர்கீப்பர் இரும்பு அடுக்குகளுக்கு நடுவே போய்ப் பார்த்துவிட்டு வந்து இருக்கிறது, இல்லை என்று சொல்லுவார். இதுதான் வேலை. ஆனால் அதை அவர் செய்கிற தோரணையைப் பார்த்தால் அரசாங்கக் கஜானாவே அவர் பொறுப்பில் இருக்கிறது என்று தோன்றும்.

கடையில் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் ஸ்கேல். முதுகு நேர், பேச்சு நேர், பேனா மேஜையின் ஓரத்துக்கு நேராக இருக்க வேண்டும். ஆணியில் தொங்குகிற பெல்ட் பாக்கெட் கொஞ்சம் கோணலாக இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அரைகுறையாக எதையும் சொல்லக் கூடாது. "மோட்டார் வேணும்"னு ஒரு மெக்கானிக் கேட்டுவிட்டால் போதும், "எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த வருஷம்? முழுசா சொல்லுங்க" என்று அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். நானும் அவர் முகத்துக்கு நேராக சார் என்றும், முதுகுக்குப் பின்னால் ஸ்கேல் என்றும்தான் சொல்லிவந்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னை அவர்கள் என்னவென்று சொன்னார்களோ, யார் கண்டது?

அவருக்கு ஒரே மகள். மனைவி, மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். பாப்பா, பாப்பா என்று அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்கும் அவள் பாப்பாதான். மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பிக்கிற பேச்சு, காலி டப்பாவை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்புகிறவரை ஓயாது. அப்படியொரு வாயாடியை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் இவள் எடுத்து, அவர் குரலிலேயே, "எந்த வருஷம்? முழுசா சொல்லுங்க" என்பாள். எதிர்முனையில் இருக்கிற மெக்கானிக் பயந்து போய் முழுசாகச் சொல்லுவான். ஸ்கேலுக்குச் சிரிப்பு வரும். வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு சிரிப்பு வராதவர் போல் நடிப்பார்.

அந்த மெக்கானிக்குகளில் ஒருவன் ஒரே ஒரு பெல்ட் வாங்க மூன்று தடவை வருவான். அதிகம் பேசாத பையன். வந்தால் மத்தியானம்தான் வருவான். விஷயம் எனக்குப் புரிந்தது, கல்லாவில் இருந்தவனுக்குப் புரிந்தது, ஸ்கேலுக்கு மட்டும் புரியவில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பாடு வரவில்லை. இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு, அவன் இருக்கிற இடத்துக்கே போய்விட்டார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா" என்றார் ஸ்கேல். அன்றைக்கு முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா சார்?"

"மாட்டேன். ஆனா சொல்லியிருக்கணும்."

இப்படிப்பட்ட மனுஷனிடம் என்ன பேசுவது? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். பாப்பா வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாளாம். இவர் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாராம். தன் கைபேசியில் அவள் நம்பரை வராதபடி செய்துவிட்டார். அவள் கிடங்குக்குப் போன் செய்தாள். மேஜை போனின் சின்னத் திரையில் நம்பர் தெரியும். அதைப் பார்த்ததும் இவர் பேனாவை எடுத்து வைப்பார், பேனாவை நேராக்குவார். மணி அடித்து அடித்து ஓயும். ஒருமுறை நான் பொறுக்க முடியாமல் கையை நீட்டினேன். "என் மேஜைப் போனை யாரும் தொடக்கூடாது" என்று அவர் கத்திய கத்தலில் கடை முன்பக்கத்திலிருந்து ஆள் ஓடிவந்தார்.

"போனவ சொல்லாமப் போனா. இனிமே அவ போனை நான் எடுக்க மாட்டேன். நானா ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது சத்தியம்" என்றார். சத்தியம் செய்தால் அதையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலத்தான் காப்பாற்றுவார் என்று எனக்குத் தெரியும்.

பாப்பாவிடம் என் நம்பர் இருந்தது. முதலில் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்பாள். பிறகு அது குறைந்தது. அப்புறம் நின்றே போயிற்று. கிடங்குப் போனிலும் அவள் நம்பர் வருவது நின்றுவிட்டது. புதுக் குடித்தனம், ஆயிரம் வேலை இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஸ்கேல், "பாத்தீங்களா, மறந்துட்டா" என்றார். சொல்லிவிட்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தச் சமயத்தில்தான் தானாக எடுக்கிற ஏற்பாடு வந்தது. ஸ்கேல் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும்போதும், இரண்டு கையிலும் கிரீஸோடு நிற்கும்போதும் வருகிற போன்கள் வீணாகின்றன என்று மேனேஜருக்குக் குறை. போன் மெக்கானிக் ஒருவர் வந்து ஏதேதோ பொத்தானை அழுத்தினார். "இனிமே நீங்க எடுக்கவே வேண்டாம் சார். ஒரு தடவை 'பீப்'னு சத்தம் வரும், பச்சை லைட் எரியும், ஸ்பீக்கர் தானா திறந்துக்கும். எங்க நின்னு பேசினாலும் அவங்களுக்குக் கேக்கும். வேண்டாம்னா இந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்துங்க, கட் ஆயிடும்" என்றார்.

ஸ்கேலுக்குப் பிடிக்கவே இல்லை. "யாரு என்னன்னு கேக்காமலே கதவைத் திறந்து விடறதா? நல்லா இருக்கே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த போன் வந்த பிறகு கிடங்கில் வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. 'பீப்' சத்தம் சின்னது. நாம் நம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம், எவனோ ஒரு மெக்கானிக் அங்கிருந்து அதற்குப் பதில் சொல்லுவான். என் நாத்தனாரின் கதை முழுவதையும் அப்படித்தான் ஒருவன் கேட்டுவிட்டு, "நீங்க ஒண்ணும் பேசாம விட்டுட்டீங்களா அக்கா?" என்றான்.

ஒருநாள் முற்பகல், டீ வந்துவிட்டுப் போன நேரம். ஸ்கேல் டம்ளரை வாயருகே கொண்டுபோனார். 'பீப்' என்றது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் பாப்பாவின் நம்பர்.

அந்த வாயாடி இதோ இப்போது "அப்பா" என்று கத்தப்போகிறாள், இந்த மனுஷன் உடையப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. எங்கோ ஒரு மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஸ்கேல் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் விரல் சிவப்புப் பொத்தான் மேலே போய் நின்றது. நின்றதே தவிர அழுத்தவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பக்கமே வைத்துவிட்டார்கள்.

"நான் எடுக்கல" என்றார் என்னிடம். "அதுவா எடுத்துக்குது. நீங்களே பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் சார்."

"சத்தியத்தை நான் மீறல."

"இல்ல சார். போன்தான் மீறிச்சு."

நான் கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். டீ ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தார்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அந்த நேரம் வந்தால் ஸ்கேல் அடுக்குகள் பக்கம் போகமாட்டார். போனுக்கு எதிரே உட்கார்ந்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். 'பீப்' என்றதும் கை நின்றுவிடும். இந்தப் பக்கமும் பேச்சில்லை, அந்தப் பக்கமும் பேச்சில்லை. நான் பாப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன்: "ஏண்டி, ஒரு வார்த்தை பேசித் தொலையேன். மனுஷன் உருகிப்போய் உக்காந்திருக்கார்." பதில் சாயந்திரம்தான் வந்தது. "பேசறேன் அக்கா. கொஞ்ச நாள் ஆகட்டும்." எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது, அவருக்கு இருக்கிற வீம்பில் ஒரு பங்கு இதற்கும் இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். போனோடு இல்லை. என்னோடு.

"ஏம்மா, உங்களுக்குத்தான் சொல்றேன். நேத்து டாக்டர்கிட்ட போயிருந்தேன். சர்க்கரை குறைஞ்சிருக்காம். யாராவது கவலைப்படறவங்க இருந்தா, கவலைப்பட வேண்டாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் சர்க்கரையைப் பற்றி நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்? பச்சை விளக்கைப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று. ஜாடைப் பேச்சு! மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் பூனையைப் பார்த்துப் பேசுவார்களே, அந்த ஜாடை. இங்கே பூனை நான்.

"நல்லது சார்" என்றேன். பூனைக்கும் ஒரு கடமை இருக்கிறதல்லவா.

அன்று முதல் தினமும் எனக்குச் சேதி வந்தது. "ஏம்மா, அந்த உள் ரூம் ஜன்னல் கொக்கி உடைஞ்சிருந்துச்சுல்ல, மாத்திட்டேன். இனிமே மழைத்தண்ணி உள்ள வராது." "ஏம்மா, நேத்து சமைக்கறேன்னு பாத்திரத்தை அடுப்புல வச்சுட்டு தூங்கிட்டேன். பாத்திரம் போச்சு. கருகின பாத்திரத்தை எப்படித் தேய்க்கறதுன்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?" "ஏம்மா, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு. எல்லாம் அப்பனைப் போலவே கருப்பு. அந்த அப்பன் நம்ம வீட்டு வாசல்லதான் படுத்துக் கிடக்கான், பிரசவம் பாத்த களைப்புல."

நாய்க் கதையைச் சொன்னபோது போனிலிருந்து டொக், டொக், டொக் என்று சத்தம் கேட்டது. இரும்பில் எதையோ தட்டுகிற சத்தம். ஸ்கேலின் முகம் மாறியது. "பாத்தீங்களாம்மா, பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்கறாங்க சில பேரு. அவ்வளவுதான் மரியாதை" என்றார். உடனே தட்டல் நின்றது. ஆனால் அடுத்த நாள் அவர் இன்னும் நல்ல கதையாகக் கொண்டுவந்தார். இரவெல்லாம் யோசித்து வைத்திருப்பார் போல. ஸ்கேலுக்கு நகைச்சுவை வரும் என்று அந்தக் கிடங்கில் யாரிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் சொல்லச்சொல்ல நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன், அங்கே டொக் டொக் என்று கேட்கும்.

ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். போன் திறந்திருக்கும்போதே, வேண்டுமென்றே கேட்டேன். "நேரா பேசினா வாய் வெந்துடுமா சார்?"

"நான் யாருகிட்ட பேசணும்? உங்ககிட்டத்தானே பேசறேன்?"

"பாப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டுடுங்களேன். எல்லாம் முடிஞ்சிடும்."

அவர் எனக்குப் பதில் சொல்லுகிறவர் போல, ஆனால் போன் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். "போனவங்கதாம்மா மொதல்ல சொல்லணும். பெருசா ஒண்ணும் கேக்கல. மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். அப்பான்னு ஒரு வார்த்தை. அது காதுல விழுந்தா போதும், இருக்கற இடத்துக்கு நான் எந்திரிச்சு ஓடிடுவேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

போனில் மூச்சு கேட்டது. பெரிய மூச்சு, கரகரவென்று. நின்றது. மறுபடியும் கரகரவென்று வந்தது, காற்று எதிலோ மாட்டிக்கொண்டு திணறுகிற மாதிரி. பிறகு வைத்துவிட்டார்கள்.

"பெருமூச்சு விடறா. கொழுப்பு" என்றார் ஸ்கேல். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது என் வாயால் ஒரு வினை வந்தது. ஒருநாள் கணக்கு முடிகிற நேரத்தில் மேனேஜர் இன்னொரு வேலையை என் தலையில் கட்டியிருந்தார். "அந்த மொட்டைக்கு மண்டைக்கு வெளியேயும் ஒண்ணுமில்ல, உள்ளேயும் ஒண்ணுமில்ல" என்று நான் சொல்லி முடிக்கவும், ஸ்கேலின் போனிலிருந்து, "நான் மேனேஜர் பேசறேன்" என்று கேட்கவும் சரியாக இருந்தது. பச்சை விளக்கு எவ்வளவு நேரமாக எரிந்துகொண்டிருந்ததோ!

மறுநாள் உத்தரவு வந்தது. தானாக எடுக்கிற ஏற்பாட்டை நீக்கிவிட வேண்டும். காரணமாக என் பெயரைச் சொல்லவில்லை. முற்பகல் நேரத்தில் அந்த லைன் எப்போதும் பிஸியாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறை சொல்வதாகச் சொன்னார்கள். போன் மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஸ்கேல் எழுந்து போன் முன்னால் நின்றுகொண்டார். "இதைத் தொடாதீங்க. நான் மேனேஜரைப் பாத்துட்டு வர்றேன்."

அத்தனை வருஷத்தில் அவர் மேனேஜர் அறைக்குப் போய் எதையும் கேட்டதில்லை. சம்பள உயர்வு கேட்டதில்லை, மனைவி போனபோது கூட லீவு கேட்டதில்லை, அவர்களாகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மனுஷன் போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிற்பது தெரிந்தது. அந்த முதுகு வளைந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். நான்தானே இதற்குக் காரணம், என் நாக்கில் நெருப்பை வைக்க என்று உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர், "இருக்கட்டும்னு சொல்லிட்டார். இன்னொரு லைன் போட்டுத் தருவாங்களாம்" என்றார்.

"என்ன சார் சொன்னீங்க அவர்கிட்ட?"

"உள்ளதைச் சொன்னேன். என் பொண்ணு போன் வரும், என்னால எடுக்க முடியாது, அதுவா எடுத்தாத்தான் உண்டுன்னு சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மொட்டைன்னு இனிமே சொல்லாதீங்கம்மா. நல்ல மனுஷன்" என்றார்.

அடுத்த சில நாட்கள் பாப்பாவின் போன் வரவில்லை. ஸ்கேல் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார். புது லைனில் மெக்கானிக்குகள் கூப்பிட, நான்தான் ஓடி ஓடிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. "ஊருக்கு எங்கயாவது போயிருப்பாங்க சார்" என்றேன். "ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்றார். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவர் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒருநாள் காலையில் அவர் வந்த விதமே வேறாக இருந்தது. சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். "ஒரு முடிவு பண்ணிட்டேன்மா" என்றார். என்ன முடிவு என்று கேட்டதற்கு, "போன் வரட்டும், அப்ப சொல்றேன். நீங்களும் அப்ப கேட்டுக்கலாம்" என்று சிரித்தார். உள் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாராம். இரண்டு பேர் படுக்கிற மாதிரி கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாராம். இரண்டு பேர் என்று அவர் சொன்னதைக் கவனித்தேன். பில்லில் ஒரே வரியை இரண்டு தடவை எழுதிவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

டீ வருவதற்கு முன்பே 'பீப்' என்றது. பாப்பாவின் நம்பர்.

ஸ்கேல் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். நான் பில் புத்தகத்தை மூடிவைத்தேன்.

"ஏம்மா, உங்களுக்குத்தான் சொல்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை நான் வீட்டுலதான் இருப்பேன். கதவு திறந்துதான் இருக்கும். போன தடவை மாதிரி இல்ல. யார் வந்தாலும் வரலாம். துணைக்கு யாரைக் கூட்டிட்டு வந்தாலும் சரி, அவருக்கும் சேத்துத்தான் சமைப்பேன். பெல்ட் எல்லாம் எதுக்கு வெளியில வாங்கணும், இங்கயே வந்து வாங்கிக்கலாம்னும் சொல்லிடுங்க. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. இவ்வளவு நாள் என்னை உக்காத்தி வச்சு ஒரு வார்த்தைகூடப் பேசாமக் கேட்டாளே, அந்தப் பிடிவாதத்தை நான் மெச்சறேன். என் பிள்ளைதானே. ஆனா போதும்மா. எனக்கு வயசாகுது. நான் தோத்துட்டேன்னே வச்சுக்கட்டும். அந்த வார்த்தை இல்லாட்டியும் பரவாயில்ல, சும்மா வரட்டும்."

போனில் ஒரு விசும்பல் கேட்டது. பிறகு இன்னொன்று.

ஸ்கேல் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "அழறா" என்றார் மெதுவாக, உதட்டை மட்டும் அசைத்து. பிறகு போன் பக்கம் சாய்ந்து, காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.

"மாமா" என்றது ஓர் ஆண் குரல். "நான்தான் பேசறேன் மாமா."

ஸ்கேல் சட்டென்று நிமிர்ந்தார். "போனை அவகிட்ட குடுங்க."

"மாமா..."

"அவகிட்ட குடுங்கன்னு சொல்றேன்ல?"

"அவ இல்ல மாமா. விடியக்காலைல போயிட்டா. ஆஸ்பத்திரியிலயே உயிர் போயிடுச்சு, வீட்டுக்குக் கொண்டுவந்துட்டோம். நீங்க பேச ஆரம்பிச்சுட்டீங்க, எனக்கு நடுவுல சொல்ல வாய் வரல மாமா, மன்னிச்சுடுங்க."

கிடங்கில் புது லைன் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. ஸ்கேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் எழுந்து போய் அந்த மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு கத்தினேன். "என்னப்பா சொல்ற? நல்லாத்தானே இருந்தா? தினம் போன் பண்ணிக்கிட்டிருந்தாளே! என்ன ஆச்சு?"

அவன் சொன்னான். கோர்வையாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னான். கல்யாணமான மறு வருஷமே பாப்பாவின் தொண்டையில் கட்டி வந்திருக்கிறது. பொல்லாத கட்டி. உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. அவள் எங்களைக் கூப்பிடாமல் இருந்த மாதங்கள் அவைதாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, அப்பாவின் கிடங்குப் போன் நம்பரைச் சும்மா அழுத்திப் பார்த்திருக்கிறாள். எடுக்கமாட்டார் என்று தெரியும். மணி அடிப்பதையாவது கேட்கலாம் என்று. திறந்துகொண்டது.

"உங்க குரல் கேட்டதும் அவளுக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா மாமா? அதுக்கப்புறம் தினமும் அந்த நேரத்துக்காகத்தான் எந்திரிச்சு உக்காருவா. நீங்க சிரிப்பா ஏதாவது சொன்னா கட்டில் கம்பியில தட்டுவா. அவளுக்குச் சிரிக்கச் சத்தம் வராதுல்ல மாமா."

பாத்திரம் கழுவுகிறாள் என்று சொன்னோமே.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் ஸ்கேல். போனைப் பார்த்துத்தான் கேட்டார். குரல் அவருடையதாகவே இல்லை. "அவ எழுதிக் காட்டியிருக்கலாம். நீங்க சொல்லியிருக்கலாம். யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல?"

"நான் கிளம்பினேன் மாமா, ரெண்டு தடவை. அவதான் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. அப்பா ஒரு வார்த்தைதான் கேக்கறார், அதை நானே சொல்லணும்னா. குரல்வளை இல்லாமலும் பேசலாம்னு ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுக்கறாங்க. காத்தை முழுங்கி வெளிய விட்டுப் பேசறது. ரொம்பக் கஷ்டம் மாமா. அவ அந்த ஒரு வார்த்தைக்காகவே கத்துக்கிட்டா. ராத்திரி பகலா அதையேதான் சொல்லிப் பாப்பா. 'ப்பா' வந்துடுச்சு. மொதல் எழுத்துதான் வரல. இதுவே போதும், போன்ல சொல்லிடுன்னு நான் சொன்னேன். 'முழுசா வரட்டும். அப்பாவுக்கு அரைகுறை பிடிக்காது'ன்னு எழுதிக் காட்டினா." அவன் மூச்சு வாங்கினான். "அதுக்குள்ள மறுபடியும் வந்துடுச்சு மாமா. நெஞ்சுல இறங்கிடுச்சு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த மனுஷன் மேலா, அந்தப் பெண் மேலா, கொஞ்ச நாள் ஆகட்டும் என்று அவள் அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு வீம்பு என்று முடிவுகட்டிய என் மேலா. ஒரு கெட்ட மனிதர்கூட இல்லாத இந்தக் கதையில் ஒரு பிள்ளை இப்படிப் போக வேண்டுமா? எவ்வளவு பேசின வாய் அது!

ஸ்கேல் எழுந்து நின்றார். முன்பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து வாசலில் கூடிவிட்டார்கள். மேனேஜரும் வந்து நின்றார். ஸ்கேல் இரண்டு அடி நடந்தார். எங்கே போவது என்று தெரியாதவர் போல நின்றார். திரும்பி வந்து, இன்னும் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கின் அருகே குனிந்தார்.

"உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

இத்தனை மாதமும் தினம் தினம் பேசினார். ஜன்னல் கொக்கியைச் சொன்னார், நாய்க்குட்டியைச் சொன்னார். மகள் இருக்கிற வீடு எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அது அவளோடு பேசியதாகிவிடுமே.

மாப்பிள்ளை வழி சொன்னான். பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, அதற்குப் பக்கத்துச் சந்து, மாடிப்படி. ஸ்கேலுக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அவன் மறுபடியும் சொன்னான். மேனேஜர் தன் கார் சாவியை எடுத்துவரச் சொல்லி யாரையோ அனுப்பினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவர் கையைப் பிடித்தேன். "வாங்க சார், எனக்கு வழி புரிஞ்சுது, நான் கூட வர்றேன்" என்றேன்.

அவர் என் கையை விலக்கிவிட்டு, மறுபடியும் போனின் மேல் குனிந்தார்.

"நான் வந்துடறேன், மாப்பிள்ளை. நான் வர்ற வரைக்கும் அவளைக் கொண்டுபோயிடாதீங்க."